மாசிடோனியப் புயல் – 17: ஐந்நூறு யானைகள்

சென்ற வாரம் வியாச நதிக்கரையில் நின்றோம். எட்டு ஆண்டுகள் நடந்து களைத்த படை, இனி ஓரடிகூடக் கிழக்கே வைக்க மாட்டோம் என்று முரண்டு பிடித்தது. மூன்று நாள் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்த அலெக்சாண்டர் கடைசியில் இறங்கி வந்தான். கரையில் 12 பலிபீடங்களை எழுப்பிவிட்டுத் திரும்பினான். அது கி.மு. 326.

மூன்றே ஆண்டுகள். கி.மு. 323 ஜூன் மாதம் பாபிலோனில் காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அப்போது அவனுக்கு 33 வயதுகூட நிரம்பவில்லை.

வியாச நதிக்கும் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கும் நம் சேத்தூருக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம். அந்தப் படையிலிருந்து ஒரு குதிரைகூட இந்தப் பக்கம் வரவில்லை. ஆனாலும் அலெக்சாண்டரின் வாரிசுகளுடைய பெயர்களும் பாண்டியரின் பெயரும் ஒரே கல்லில், அடுத்தடுத்து வெட்டப்பட்டு இன்றும் இருக்கின்றன.

அது எப்படி நடந்தது? அதற்குக் காரணம் யானைகள்.

*

மோதிரம் யார் கையில்?

உயிர் போகும் முன் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிப் பெர்திக்காஸ் என்ற தளபதியிடம் கொடுத்தான் அலெக்சாண்டர். நாட்டை யாரிடம் கொடுத்தான் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

மனைவி ரொக்சானா கர்ப்பமாக இருந்தாள். மாற்றாந்தாய் மகன் அர்ஹிடேயஸ் அரசாளும் மனநிலையில் இல்லாதவன். ரொக்சானாவுக்கு ஆண் குழந்தை பிறந்ததும் அதையும் அர்ஹிடேயஸையும் சேர்த்தே அரசர்கள் என்று அறிவித்தார்கள். பெயருக்கு இரண்டு அரசர்கள். அதிகாரம் முழுவதும் தளபதிகளிடம்.

அப்புறம் நடந்ததெல்லாம் ரத்தக்களறி. பெர்திக்காஸை எகிப்து மண்ணில் அவனுடைய அதிகாரிகளே குத்திக் கொன்றார்கள். அர்ஹிடேயஸைக் கி.மு. 317இல் தீர்த்துக்கட்டியவள் அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியஸ். அடுத்த ஆண்டே அவள் கதையும் முடிந்தது. கி.மு. 310 வாக்கில் ரொக்சானாவையும் சிறுவனையும் மாசிடோனியாவைக் கைப்பற்றியிருந்த கசாண்டர் கொல்ல வைத்தான். சிறுவனுக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும்.

வாரிசுகள் ஒழிந்ததும் தளபதிகளுக்குக் கூச்சம் போயிற்று. கி.மு. 306இல் அன்டிகோனஸ் முடி சூடிக்கொண்டான். ஒற்றைக் கண்ணன் என்று பட்டப்பெயர் பெற்ற கிழவன் அவன். இன்றைய துருக்கியும் சிரியாவும் அவன் பிடியில் இருந்தன. உடனே மற்றவர்களும் ஆளுக்கொரு முடியைத் தேடிக்கொண்டார்கள். எகிப்தில் டாலமி, திரேசில் லிசிமாக்கஸ், மாசிடோனியாவில் கசாண்டர். கிழக்கே பாபிலோனில் செலூகஸ்.

இந்தச் செலூகஸைத்தான் இனி நாம் பின்தொடர வேண்டும்.

*

யானையைப் பார்த்தவன்

பெர்திக்காஸைக் கொன்ற அதிகாரிகளில் செலூகஸும் ஒருவன். அதன் பின் நடந்த பங்கீட்டில் பாபிலோன் அவனுக்குக் கிடைத்தது. ஆனால் அன்டிகோனஸ் வந்து கணக்குக் கேட்டதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எகிப்துக்கு ஓட வேண்டியதாயிற்று. கி.மு. 312இல் திரும்பி வந்தபோது அவனிடம் இருந்தது ஏறக்குறைய ஆயிரம் பேர்தான். அந்தச் சிறு கூட்டத்தை வைத்துப் பாபிலோனை மீட்டு, ஈரானைக் கடந்து, கி.மு. 305 வாக்கில் சிந்து நதியையே எட்டிவிட்டான்.

அந்த நதி அவனுக்குப் புதிதில்லை. ஜீலம் கரையில் பஞ்சாப் அரசன் போரஸுடன் அலெக்சாண்டர் மோதிய நாளில் அரச காவல் காலாட்படைக்குத் தலைமை வகித்தவன் செலூகஸ். போரஸின் யானை வரிசைக்கு எதிரே நின்றவர்களில் அவனும் உண்டு. ஈட்டி வரிசையை யானை மிதித்துக்கொண்டு வருவது எப்படி இருக்கும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது சிந்துவின் மறு கரையில் இருந்தவன் போரஸைப் போன்ற சிற்றரசன் அல்ல. நந்தரை வீழ்த்திப் பாடலிபுத்திரத்தைப் பிடித்துவிட்ட சந்திரகுப்த மௌரியன்.

மோதல் தொடங்கியது. ஆனால் இருவருமே கணக்குத் தெரிந்தவர்கள். செலூகஸின் உண்மையான எதிரி மேற்கே, அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தான். இங்கே ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் அங்கே அன்டிகோனஸ் எல்லாவற்றையும் விழுங்கிவிடுவான்.

கி.மு. 303க்குள் பேச்சு முடிந்தது. காபூல் பள்ளத்தாக்கு, கந்தகார் வட்டாரம், பலுசிஸ்தானின் ஒரு பகுதி ஆகியவற்றைச் செலூகஸ் விட்டுக்கொடுத்தான். அலெக்சாண்டர் வாளால் வென்ற மண் அது. இரு தரப்புக்கும் மண உறவும் ஏற்பட்டது.

பதிலுக்கு அவனுக்குக் கிடைத்தவை 500 யானைகள்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். செலூகஸ் பொன்னாகக் கொடுக்கவில்லை. மாகாணம் மாகாணமாகக் கொடுத்தான்.

சந்திரகுப்தனுக்கு அது பெரிய இழப்பே இல்லை. மகத அரசனிடம் 9,000 யானைகள் இருந்தன என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி கணக்குச் சொல்கிறார். அதில் பாதிதான் உண்மை என்று வைத்துக்கொண்டாலும், 500 என்பது கொட்டாரத்தின் ஒரு மூலை. அந்த மூலையைக் கொடுத்து ஆப்கானிஸ்தானின் தென்பாதியை வாங்கிக்கொண்டான் மௌரியன்.

*

பள்ளம் வெட்டிப் பிடித்த பலம்

அந்த யானைகளை எப்படிப் பிடித்தார்கள் என்பதற்கு நேரில் கண்டவர் போல ஒரு வர்ணனை இருக்கிறது. எழுதியவர் மெகஸ்தனீஸ். அவரைப் பற்றிச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

மரமில்லாத வெட்டவெளி ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சுற்றிலும் ஆழமான அகழி வெட்டுவார்கள். உள்ளே போக ஒரே ஒரு குறுகிய பாலம். பழகிய பெண் யானைகள் மூன்று நான்கை உள்ளே விடுவார்கள். ஆட்கள் மறைவான குடிசைகளில் பதுங்கிக்கொள்வார்கள். பகலில் காட்டு யானைகள் கிட்டே வராது. இரவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்தைக் கடந்து உள்ளே போகும். போனதும் பாலத்தை அடைத்துவிடுவார்கள். அப்புறம் பட்டினி போட்டும், பழகிய யானைகளை விட்டு மோதவைத்தும் அவற்றின் திமிரை அடக்குவார்கள்.

யானையை வீட்டில் வளர்த்துப் பெருக்குவது கடினம். காட்டிலிருந்து பிடித்துத்தான் ஆக வேண்டும். ஆகவே யானைக்காடு வைத்திருப்பவனே பலசாலி. யானையைக் கொன்றவனுக்கு மரண தண்டனை என்று அர்த்தசாஸ்திரம் விதித்தது ஜீவகாருண்யத்தால் மட்டும் அல்ல. அது ராணுவச் சொத்து.

அந்தச் சொத்தைச் சிந்துக் கரையிலிருந்து துருக்கியின் நடுப்பகுதி வரை நடத்திக்கொண்டு போக வேண்டும். மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். வழியெல்லாம் ஈரானின் வறண்ட பீடபூமி.

மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதன் பாரம் புரியும். சேத்தூர், தேவதானம் பக்கம் ‘ராத்திரி யானை இறங்கிருச்சு’ என்று காலையில் பேச்சு அடிபட்டால், தோப்பில் தென்னைகள் சாய்ந்து கிடக்கும். மட்டையைப் பிளந்து குருத்தை மட்டும் உருவித் தின்றிருக்கும். நாலைந்து யானைகள் ஒரு ராத்திரியில் செய்கிற வேலை அது. வளர்ந்த யானை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனம் வேண்டும். 500 யானைக்கு 75 டன். தண்ணீர் தனி. இது ஒரு நாள் செலவு. நடக்க வேண்டியதோ மாதக்கணக்கில்.

எத்தனை யானைகள் போய்ச் சேர்ந்தன தெரியுமா? கி.மு. 302இன் குளிர்காலத்தில் செலூகஸ் கப்படோசியாவில் வந்து தங்கியபோது அவனிடம் 480 யானைகள் இருந்ததாக வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார்.

எதிரிகளின் அரண்மனை விருந்துகளில் செலூகஸுக்கு ‘யானைத் தலைவன்’ என்று பட்டம் கட்டிச் சிரித்தார்களாம். அரசன் என்ற பெயர் தங்களுக்கு மட்டுமே உரியது, மற்றவனெல்லாம் வெறும் யானை மேய்க்கிறவன் என்ற இளக்காரம்.

அடுத்த ஆண்டு அந்தச் சிரிப்பு அடங்கியது.

*

இப்சஸ், கி.மு. 301

துருக்கியின் பிரிஜியப் பகுதியில் இப்சஸ் என்ற ஊரின் சமவெளி. ஒரு பக்கம் அன்டிகோனஸும் அவன் மகன் டெமெட்ரியஸும். மறு பக்கம் செலூகஸும் லிசிமாக்கஸும். கசாண்டர் படை அனுப்பியிருந்தான். டாலமியும் இந்தக் கூட்டணியில் சேர்ந்தவன்தான். ஆனால் கூட்டாளிகள் தோற்றுவிட்டார்கள் என்று யாரோ கிளப்பிய வதந்தியை நம்பிப் பாதி வழியிலேயே எகிப்துக்குத் திரும்பிவிட்டான்.

புளூட்டார்க் தரும் கணக்கு இது. அன்டிகோனஸ் தரப்பில் 70,000 காலாட்கள், 10,000 குதிரைகள், 75 யானைகள். எதிர்த் தரப்பில் 64,000 காலாட்கள், 10,500 குதிரைகள், 400 யானைகள், 120 தேர்கள்.

காலாட்களும் குதிரைகளும் ஏறக்குறையச் சமம். யானையில் மட்டும் ஒன்றுக்கு ஐந்துக்கும் மேல்.

போர் தொடங்கியதும் டெமெட்ரியஸ் குதிரைப்படையோடு பாய்ந்தான். எதிரே நின்றவன் செலூகஸின் மகன் அன்டியோகஸ். அவன் படை உடைந்து ஓடியது. டெமெட்ரியஸ் விடவில்லை, விரட்டினான். அலெக்சாண்டர் காலத்திலிருந்தே மாசிடோனியப் போர்முறை அதுதான். குதிரைப்படை எதிரியின் ஓரத்தை உடைக்க வேண்டும். உடைத்ததும் திரும்பி வந்து நடுப்பகுதியின் முதுகில் அடிக்க வேண்டும்.

உடைக்கும் வேலை கச்சிதமாக முடிந்தது. திரும்பி வருவதில்தான் சிக்கல்.

டெமெட்ரியஸ் வெகுதூரம் போய்விட்டான். குதிரையைத் திருப்பிப் பார்த்தபோது அவனுக்கும் தந்தைக்கும் நடுவே யானைகள் வந்து நின்றிருந்தன.

பழக்கப்படாத குதிரைக்கு யானையின் வாடையே ஆகாது. எத்தனை குத்தினாலும் கிட்டே போகாது. டெமெட்ரியஸிடம் ஆயிரக்கணக்கான வீரர்கள் இருந்தார்கள். வழி இல்லை. போரின் முடிவை அந்த யானை மதில் எழுதிவிட்டது.

குதிரைப்படை இல்லாமல் வெறுமையாக நின்ற காலாட்படையைச் செலூகஸ் உடனே தாக்கவில்லை. தன் குதிரைகளை அவர்களைச் சுற்றி ஓடவிட்டான். இப்போது பாய்வான், அதோ பாய்வான் என்ற பயத்தைக் கொடுத்தான். இந்தப் பக்கம் வந்துவிட அவகாசமும் கொடுத்தான். பெரும்பகுதி வீரர்கள் கட்சி மாறினார்கள்.

அன்டிகோனஸுக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. உங்களைக் குறிவைத்துத்தான் வருகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் எச்சரித்தார்கள். என்னைத் தவிர வேறு யாரைக் குறிவைப்பார்கள், டெமெட்ரியஸ் வந்துவிடுவான் என்று பதில் சொன்னான் கிழவன். மகன் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். எறிவேல்கள் வந்து தைத்தன. எல்லோரும் ஓடினார்கள். லாரிசா ஊர்க்காரனான தோராக்ஸ் ஒருவன் மட்டும் உடலருகே நின்றான் என்று பெயரோடு பதிவு செய்திருக்கிறார் புளூட்டார்க்.

அலெக்சாண்டரின் பேரரசை ஒரே குடைக்கீழ் மறுபடி கொண்டுவரக்கூடிய வலிமை அன்று அன்டிகோனஸ் ஒருவனுக்கே இருந்தது. அவனோடு அந்த வாய்ப்பும் விழுந்தது. இனி மாசிடோனியப் பேரரசு என்று ஒன்று கிடையாது. ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் பல அரசுகள்தான்.

செலூகஸ் சிரியாவைப் பெற்றான். அங்கே அபாமியா என்ற ஊரில் யானைகளுக்குக் கொட்டாரம் அமைந்தது. அடுத்த ஆண்டே அந்தியோக்கியா நகரத்தை நிறுவினான். அந்த நகரத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

*

தூதர் கேட்ட கதை

பேரத்தில் செலூகஸ் பெற்றவை யானைகள். நமக்குக் கிடைத்தது மெகஸ்தனீஸ்.

உடன்படிக்கைக்குப் பின் செலூகஸின் தூதராகப் பாடலிபுத்திரம் வந்தவர் அவர். 64 வாயில்களும் 570 கோபுரங்களும் கொண்ட மர மதிலை வியந்து வியந்து எழுதினார். ‘இண்டிகா’ என்ற அவருடைய நூல் அழிந்துவிட்டது. அரியன், ஸ்ட்ரேபோ, பிளினி போன்ற பிற்கால எழுத்தாளர்கள் எடுத்தாண்ட பகுதிகளே மிச்சம்.

அந்த மிச்சத்தில் ஒரு கதை இருக்கிறது.

ஹெராக்ளீஸுக்கு இந்தியாவில் பல ஆண் பிள்ளைகள், ஒரே ஒரு பெண். பெண்ணின் பெயர் பாண்டையா. அவள் பிறந்த, தந்தை அவளுக்கு ஆளக் கொடுத்த நாட்டுக்கும் அதே பெயர். தந்தை அவளுக்குக் கொடுத்தவை 500 யானைகள், 4,000 குதிரைகள், 1,30,000 காலாட்கள். கடலில் முத்தைக் கண்ட ஹெராக்ளீஸ், மகளுக்கு அணிகலனாக அதைத் திரட்டினான் என்றும் அரியன் எழுதுகிறார்.

அந்த நாடு தெற்கே கடல் வரை பரந்தது என்று வேறொரு நூலில் குறிப்பு வருகிறது. அங்கே 365 ஊர்கள். நாளுக்கு ஓர் ஊர் அரசிக்குத் திறை கொண்டுவர வேண்டும். ஓர் ஊர் கொடுக்கத் தவறினால், கொடுத்த ஊர்க்காரர்கள் அரசிக்குத் துணை நின்று வசூலிப்பார்கள்.

தெற்கு, கடல், முத்து, பாண்டையா. இதற்கு மேல் அடையாளம் வேண்டுமா?

கதைக்குள் கற்பனை ஏராளம். ஹெராக்ளீஸ் கிரேக்கக் கதைகளின் வீரன். எந்த நாட்டுத் தெய்வத்தைப் பார்த்தாலும் அதற்குத் தங்கள் தெய்வத்தின் பெயரைச் சூட்டுவது கிரேக்கர் வழக்கம். வட மதுராவில் கொண்டாடப்பட்ட கண்ணனைத்தான் மெகஸ்தனீஸ் ஹெராக்ளீஸ் என்றார் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. வட மதுராவும் தென் மதுரையும் அவருடைய காதில் ஒன்றாகக் கலந்திருக்கலாம். தந்தையின் நாட்டைத் தனியாக ஆண்ட மகள் என்றதும் மதுரை மீனாட்சியை நினைத்தவர்களும் உண்டு.

நாள் முறை மட்டும் அப்படிக் கற்பனை என்று தள்ளிவிடக்கூடியது இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட பின், மாதரியின் ஆய்ச்சேரியில் பொழுது விடிகிறது. பாண்டியன் அரண்மனைக்கு நெய் கொடுக்கும் முறை அன்று தங்களுடையது என்று மாதரி மகளிடம் சொல்கிறாள். ஒவ்வொரு குடியும் தனக்குரிய நாளில் அரண்மனைக்குப் பொருள் அனுப்பும் வழக்கம் பாண்டிய நாட்டில் இருந்ததை இளங்கோ இயல்பாகச் சொல்லிப் போகிறார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கங்கைக் கரையில் உட்கார்ந்திருந்த ஓர் அயலான் காதுக்கு இதே செய்தி எட்டியிருக்கிறது.

அவர் பாண்டிய நாட்டைப் பார்க்கவில்லை. பாடலிபுத்திரத்தின் கடைத்தெருவிலோ அரண்மனையிலோ கேட்டதை எழுதினார். அப்படியானால் கேட்கும் அளவுக்கு அங்கே பேச்சு இருந்திருக்கிறது. முத்து போன வழியில் கதையும் போயிருக்கிறது.

யானைப் பேரம் நடக்காமல் இருந்தால் தூதர் இல்லை. தூதர் இல்லாவிட்டால் இந்தப் பதிவும் இல்லை.

*

கல்லில் ஒரே வரிசை

காலம் அரை நூற்றாண்டு நகர்கிறது. சந்திரகுப்தனின் பேரன் அசோகன் பாறைகளில் பேசத் தொடங்குகிறான்.

அவனுடைய இரண்டாம் பாறைக் கட்டளை மருத்துவம் பற்றியது. மனிதருக்கும் விலங்குக்கும் சிகிச்சை, மூலிகை நடுதல், கிணறு வெட்டுதல். எங்கெல்லாம் இந்த ஏற்பாடு? தன் நாட்டில் மட்டுமல்ல. எல்லைக்கு அப்பாலும் என்று பட்டியல் போடுகிறான். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பரபரணி எனப்பட்ட இலங்கை. அதை ஒட்டியே அடுத்த பெயர்: யோன, அதாவது கிரேக்க, அரசன் அந்தியோக.

பதின்மூன்றாம் கட்டளையில் யோன அரசர்கள் ஐந்து பேராகிறார்கள். அந்தியோக, துரமாய, அந்திகினி, மக, அலிகசுதர. அவர்களைச் சொல்லி முடித்ததும் தெற்கே திரும்பிச் சோழரையும் பாண்டியரையும் சொல்கிறான்.

யார் இந்த ஐவர்?

அந்தியோக என்பவன் செலூகஸின் பேரன், இரண்டாம் அன்டியோகஸ். துரமாய, எகிப்தின் இரண்டாம் டாலமி. அந்திகினி, மாசிடோனியாவை ஆண்ட அன்டிகோனஸ் கொனாடஸ். இப்சஸில் மகனை எதிர்பார்த்தபடி செத்துப்போன கிழவனின் பேரன். மக, முதலாம் டாலமியின் மனைவிக்கு முன் கணவனால் பிறந்த மகஸ், சிரீன் நாட்டு அரசன். அலிகசுதர என்பவன் எபிரஸ் அரசன் அலெக்சாண்டர் என்பது பெரும்பாலோர் கருத்து. ஒலிம்பியஸ் பிறந்த நாடு அது.

கல்கத்தாவில் இருந்தபடி பிராமி எழுத்தைப் படித்தறிந்த ஜேம்ஸ் பிரின்செப், 1838இல் கிர்நார் பாறை எழுத்தின் நகலில் இந்த யவனப் பெயர்களைக் கண்டுகொண்டார். அதுவரை காலம் தெரியாமல் மிதந்துகொண்டிருந்த இந்திய வரலாற்றுக்கு ஒரு நங்கூரம் கிடைத்தது. கிரேக்க அரசர்களின் ஆண்டுகள் தெரியும். ஆகவே கட்டளையின் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பாண்டியரின் பெயருக்கும் அதே காலக்கணக்கு கிடைத்தது.

அலெக்சாண்டர் எட்டாத தெற்கு, அவனுடைய தளபதிகளின் வாரிசுகளோடு சரியாசனத்தில் அமர்ந்திருக்கிறது. வென்று அடக்கிய நாடாக இல்லை. மருந்தும் தூதும் அனுப்பத்தக்க அண்டை நாடாக.

*

யானைக்காகத் திறந்த கடல்

இப்சஸின் இன்னொரு விளைவு எகிப்தில் தெரிந்தது.

சிரியா வழியைச் செலூகஸ் வம்சம் அடைத்துக்கொண்டதால் டாலமிகளுக்கு இந்திய யானை கிடைக்கவில்லை. இரண்டாம் டாலமி ஆப்பிரிக்கா பக்கம் திரும்பினான். செங்கடலின் மேற்குக் கரையில் வேட்டை முகாம்களையும் துறைமுகங்களையும் வரிசையாக அமைத்தான். யானைகளைக் கப்பலில் ஏற்றி வடக்கே கொண்டுவந்து இறக்க அமைந்த துறைகளில் ஒன்று பெரெனிகே.

போட்ட முதலுக்குப் போர்க்களத்தில் பலன் கிடைக்கவில்லை. கி.மு. 217இல் ரஃபியா போரில் எகிப்தின் 73 ஆப்பிரிக்க யானைகளும் சிரியாவின் 102 இந்திய யானைகளும் எதிரெதிரே நின்றன. இந்திய யானைகளின் வாடையும் பிளிறலும் தாங்காமல் ஆப்பிரிக்க யானைகளில் பெரும்பாலானவை முன்னேற மறுத்தன என்று போலிபியஸ் எழுதுகிறார். எகிப்து அந்தப் போரில் வென்றது காலாட்படையால்.

யானைப் பித்து ஓய்ந்தது. துறைமுகங்கள் நிலைத்தன.

பருவக்காற்றின் போக்கைக் கிரேக்க மாலுமிகள் அறிந்துகொண்டதும் அதே துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் நேராக இந்தியாவின் மேற்குக் கடற்கரைக்குப் பாய் விரித்தன. சேரரின் முசிறிக்கு வந்தன. பாண்டியர் வசமிருந்த நெல்கிந்தாவுக்கும் வந்தன. நெல்கிந்தா இருந்தது மலைக்கு அப்பால், கேரளக் கரையில். நமக்குத் தெற்கே செங்கோட்டைக் கணவாய் போன்ற மலைவழிகள் எதற்காகத் தேய்ந்தன என்று இப்போது புரிந்திருக்கும். மிளகு அந்தப் பக்கம், முத்து இந்தப் பக்கம்.

பெரெனிகேயில் அகழ்ந்தபோது கோயில் ஒன்றின் தரையில் ஓர் இந்தியச் சாடி கிடைத்தது. உள்ளே ஏழரைக் கிலோ மிளகு. அதே ஊரில் கிடைத்த பானை ஓட்டில் ‘கொற்றபூமான்’ என்று தமிழ் பிராமியில் ஒரு பெயர். அதே செங்கடல் கரையில், வடக்கே குஸைர் அல் கதீமில் கிடைத்த ஓடுகளில் ‘கண்ணன்’, ‘சாத்தன்’ என்ற பெயர்கள்.

யானைக்காகக் கட்டிய துறைமுகத் தொடரில் கடைசியில் இறங்கியவர்கள் கொற்றபூமானும் சாத்தனும்.

அலெக்சாண்டர் விட்டுப்போனது எது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். நாடு முழுசாக நிற்கவில்லை. நாட்டுக்காக அடித்துக்கொண்ட வாரிசுகள், ஒருவரையொருவர் மடக்கத் திறந்த வழிகள் நின்றன. ஒன்று தரைவழி, அதில் தூதர் வந்தார். இன்னொன்று கடல்வழி, அதில் வணிகர் போனார்கள்.

*

தோலில் எழுதிய கடிதம்

இனி அந்தியோக்கியாவுக்கு வருவோம். செலூகஸ் கட்டிய அந்த நகரம், கி.மு. 20 வாக்கில் ரோமானியரின் கையில் இருக்கிறது. மாசிடோனிய அரசுகள் எல்லாமே அடங்கிவிட்டன. மேற்குலகின் பெரும்பகுதிக்கு இப்போது அகஸ்டஸ் சீசர்தான் எஜமான்.

டமாஸ்கஸ் நகரத்து அறிஞர் நிக்கொலாஸ் அங்கே சில இந்தியர்களைச் சந்திக்கிறார். அகஸ்டஸைப் பார்க்கப் போகும் தூதுக்குழு. புறப்பட்டவர்கள் நிறையப் பேர். நெடும் பயணத்தில் பலர் இறந்துபோக, தூதர்களில் மூன்று பேரே உயிரோடு வந்து சேர்ந்திருந்தார்கள்.

பரிசுகளைச் சுமந்து வந்தவர்கள் இடுப்பில் துணி மட்டும் உடுத்த எட்டு வேலைக்காரர்கள், மேனியெல்லாம் வாசனைப் பூச்சு. பெரிய பாம்புகள், மூன்று முழ ஆற்று ஆமை, கழுகை விடப் பெரிய கவுதாரி. குழுவில் ஒரு துறவியும் இருந்தார். பின்னர் ஏதென்ஸ் நகரில் தானே தீ மூட்டி அதில் இறங்கிவிட்டவர் அவர்.

கையில் ஒரு கடிதம். தோலில், கிரேக்க மொழியில் எழுதியது. 600 அரசர்களுக்கு மேலான அரசன் நான். ஆயினும் சீசரின் நட்பை விரும்புகிறேன் என்ற கருத்தில் அமைந்தது. அனுப்பியவன் பெயர் போரஸ் என்கிறார் நிக்கொலாஸ்.

அலெக்சாண்டரோடு மோதிய போரஸ் செத்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆகியிருந்தன!

நிக்கொலாஸின் இந்தச் செய்தியை எடுத்தாண்ட ஸ்ட்ரேபோவுக்கே சந்தேகம். தன் நூலின் வேறோர் இடத்தில் அகஸ்டஸுக்குத் தூது அனுப்பிய அரசனைக் குறிப்பிடும்போது, ‘பாண்டியன்’ என்று எழுதுகிறார். எழுதிவிட்டு, போரஸ் என்பாரும் உண்டு என்று சேர்த்துக்கொள்கிறார்.

தீயில் இறங்கிய துறவியின் ஊர் பர்கோசா. அது குஜராத்தின் பரூச். அது வடக்கைக் காட்டுகிறது. ரோமாபுரிக்கு முத்தும் மிளகும் அனுப்பிக்கொண்டிருந்தது தெற்கு. அது பாண்டியனைக் காட்டுகிறது.

அகஸ்டஸின் நட்பைக் கேட்டுக் கிரேக்கத்தில் கடிதம் எழுதியவன் யார்? பஞ்சாபில் பழைய போரஸின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஒருவனா? மதுரையில் இருந்த பாண்டியனா?

*(அடுத்த வாரம்)*